கொள்ளைக் கப்பலில் கஷாயம் காய்ச்சிய குமரேசன்

உலக வரலாற்றில் கடலைக் கண்ணால் பாராமலே கடலை வென்ற மாவீரர் ஒருவர் உண்டென்றால், அவர் ஆரணி சாயக்காரர் வேணுகோபாலின் ஒரே மகன் குமரேசன்தான். ஆரணியில் கடல் கிடையாது. கமண்டல நாகநதி உண்டு. அதில் கணுக்கால் நனையத் தண்ணீர் வந்தால் ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கும். அப்பேர்ப்பட்ட ஊரில் பிறந்து, ஒரு பிரௌசிங் சென்டரின் மூலைக் கேபினில் அமர்ந்து, உலகக் கொள்ளையர்களுக்கெல்லாம் கஷாயம் காய்ச்சிக் கொடுத்து, தரவரிசையில் நான்காம் இடத்தைப் பிடித்தார் என்றால் அது லேசான காரியமா? இல்லை. அது எவ்வளவு கனமான காரியம், அந்தக் கனத்தை யார் தூக்கினார்கள் என்பதை விளக்கவே இந்த வரலாறு எழுதப்படுகிறது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. ஆரணிக்கு பிராட்பேண்ட் வந்து, ஊர் இளைஞர்கள் உலகத்தோடு கலந்துகொண்டிருந்த பொற்காலம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சிவகுமார் என்பவர் சென்டர் நடத்தினார். மற்றவர்கள் அங்கே பரீட்சை முடிவு பார்க்க வந்தார்கள், பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வந்தார்கள், திரைச்சீலையை இழுத்து விட்டுக்கொண்டு வேறு எதையோ பார்க்கவும் வந்தார்கள். குமரேசன் மட்டும் 'கடமை'க்கு வந்தார்.

விளையாட்டின் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஏழு கடல் கொள்ளையர்'. அதில் வாள் வீசலாம், பீரங்கி வெடிக்கலாம், தீவு தீவாகப் போய்ப் புதையல் தோண்டலாம். இவையெல்லாம் சாமானியர்களின் பொழுதுபோக்கு. சண்டையில் அடிபட்ட கொள்ளையர்களுக்கு மருந்து வேண்டுமே, அதை யார் காய்ச்சுவது என்று யோசித்தவர் குமரேசன். கப்பலின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அந்த வேலை நடக்கும். திரை முழுக்கப் பின்னிக் கிடக்கும் குழாய்கள். மேலே சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நீர் சொட்டும். ஒவ்வொரு குழாய்த் துண்டாகத் திருப்பித் திருப்பி, சரியான நிறத்தைச் சரியான பானைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பானைகள் நிறைந்து கொதித்தால் ஒரு புட்டி கஷாயம் தயார். தயாரானதும் என்ன ஆகும்? அடுத்த புட்டி தொடங்கும். அதே குழாய், அதே சொட்டு, பின்னணியில் அதே இசை.

"ஒரு தடவ நானும் ஆடிப் பாத்தேங்க. அப்பிடியே கீபோர்டு மேல தூங்கிட்டேன்" என்று சிவகுமார் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதனால்தான் அவருக்குக் குமரேசன் மேல் அவ்வளவு மரியாதை. மூலைக் கேபினை வேறு யாருக்கும் தர மாட்டார்.

'கற்றுக்குட்டி'யில் தொடங்கிய குமரேசன் 'கைதேர்ந்தவர்' ஆனார், பிறகு 'விற்பன்னர்' ஆனார், 'மகா விற்பன்னர்' ஆனார். சம்பளம் தங்கக் காசுகள். அவை திரைக்கு வெளியே செல்லாது என்பது உண்மைதான். ஆனால் திரைக்குள் அவற்றைக் கொண்டு அவர் தன் கொள்ளையனுக்கு இறகு வைத்த தொப்பி வாங்கினார். பிறகு தோளில் வைத்துக்கொள்ள ஒரு கிளி வாங்கினார். கொஞ்ச நாள் கழித்துக் கிளிக்கும் ஒரு தொப்பி வாங்கினார். முன்னேற்றம் என்பது படிப்படியாகத்தான் வரும்.

அவருடைய கப்பலுக்குக் கேப்டன் பிரிட்டா என்றொரு அம்மாள். ஏதோ ஒரு பனி நாட்டில் இருந்தார். வேலைக்கு வரும் நேரத்தை அவர்தான் ஆங்கிலத்தில் அடித்து அனுப்புவார். குமரேசன் ஒரு நாளும் தாமதித்ததில்லை. காய்ச்சி முடித்ததும், "குட் ஒர்க் மேட்" என்று ஒரு வரி வரும். அந்த மூன்று சொல்லுக்காக அவர் காலைப் பலகாரத்தைத் துறந்திருக்கிறார். பாதியில் எழுந்து போனால் பானை கெட்டுவிடும், தரவரிசை இறங்கிவிடும் என்பது அந்தக் கடலின் சட்டம். ஆகவே அவர் எழுந்ததே இல்லை. மின்சாரம் போனாலும் யு.பி.எஸ். கத்திக் கத்தி ஓயும்வரை உட்கார்ந்திருப்பார்.

இங்கே ஒரு சிறு தற்செயலைச் சொல்லியாக வேண்டும். குமரேசனின் வீட்டுக் கொல்லையில் பெரிய தாமிர அண்டா ஒன்று இருந்தது. அதில் அவர் தந்தை வேணுகோபால் சிவப்பும் மஞ்சளும் நீலமும் கலந்து பட்டு நூலுக்குச் சாயம் போட்டுவந்தார். நூல் கற்றைகளைக் கழிகளில் மாட்டி, கொதிக்கும் சாயத்தில் தொங்கவிட்டு, அண்டாவுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் நின்று கழிகளைப் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் நிறுத்தினாலும் நூலில் திட்டு விழும். திட்டு விழுந்த நூலுக்கு மறுபடி சாயம் போட்டாலும் அந்த நிறம் வராது.

இந்த வேலையைக் குமரேசன் கொள்கை அடிப்படையில் விலக்கியிருந்தார்.

"நைனா, ஒரே வேலைய திரும்பத் திரும்பச் செஞ்சிகினே இருந்தா மூள மழுங்கிடும். மனுஷன்னா புதுசு புதுசா இன்னா பண்ணலாம்னு யோசிக்கணும்" என்று தந்தைக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, முந்தின நாள் விட்ட இடத்திலிருந்து கஷாயம் காய்ச்சப் போவார்.

அம்மா புஷ்பலதாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. யார் கேட்டாலும், "புள்ள கம்ப்யூட்டர்ல இருக்கான்" என்பார். அதற்குமேல் யாரும் கேட்பதில்லை. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் இருப்பது என்பது கலெக்டர் ஆபீசில் இருப்பதற்கு அடுத்தபடி.

இந்நிலையில் குமரேசனின் தங்கை சுகன்யாவுக்குச் சேவூரிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை விக்னேஷ் வீட்டில் தறி போட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அபிதகுசாம்பாள் தானே தறியில் உட்கார்ந்து நெய்கிறவர். நூலை விரலால் நீவிப் பார்த்தே எந்தப் பட்டறைச் சாயம் என்று சொல்லிவிடுவார் என்று பெயர். பெண் பிடித்துவிட்டது. ஜாதகம் பொருந்திவிட்டது. காபி குடித்து முடித்ததும் அந்த அம்மாள் ஒரே ஒரு விஷயம் கேட்டார்.

"எங்க வம்சத்துல ஒரு வழக்கம் இருக்குங்க சம்பந்தி. கல்யாணப் புடவைய நாங்களே எங்க தறியில நெய்வோம். நூலுக்கு மட்டும் பொண்ணு வீட்ல சாயம் போட்டுக் குடுக்கணும். அண்டாவுக்கு ஒரு பக்கம் அப்பன், ஒரு பக்கம் பொறந்தவன். அண்ணன்காரன் கை படாத புடவையக் கட்டிகினு எங்க வீட்டு வாசப்படிய யாரும் மிதிச்சதில்ல."

"எங்களுக்கும் அதே வழக்கந்தாம்மா" என்றார் வேணுகோபால். சொல்லிவிட்டு மகனைப் பார்த்தார்.

குமரேசன் நெஞ்சை நிமிர்த்தினார். "கவலையே படாதீங்க அத்தை. கலர் கலக்குறதுல நான் உலகத்துலயே நாலாவது."

அபிதகுசாம்பாள் அசந்துபோனார். "அப்பிடியா தம்பி! மத்த மூணு பேரு யாரு, காஞ்சிபுரமா?"

"தெரியலீங்க அத்தை. ஒருத்தர் மனுஷனே இல்லன்னு பேசிக்கிறாங்க."

அந்த அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தட்டு மாற்றிக்கொண்டார்கள்.

புடவைக்கு அரக்குச் சிவப்பு உடல், கிளிப்பச்சைக் கரை என்று முடிவானது. சிவப்புக்கு ஒரு வெள்ளிக்கிழமை நாள் பார்த்தார்கள். வழக்கமாக மறுபக்கம் நிற்கும் கூலி ஆள் திருப்பூருக்குப் போய்விட்டிருந்தார். இருந்திருந்தாலும் பயனில்லை, இந்த அண்டாவில் பெண்ணோடு பிறந்தவன் கைதான் பட வேண்டும். வேணுகோபால் குளித்து, அடுப்புக்குச் சூடம் காட்டி, சாயத்தைக் கரைத்து, நூலை இறக்கினார். குமரேசன் எதிரே வந்து நின்றார். கழியைப் பிடித்தார். பிடித்தார் என்பதை வரலாறு மறைக்கக் கூடாது. ஒரு முறை புரட்டவும் செய்தார். அப்போது அவர் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

"ண்ணா, உங்க கேப்டன் மெசேஜ் மேல மெசேஜா போட்டுகினு கீறாங்க. கப்பல்ல ஓட்டையாம்" என்றார் சிவகுமார்.

குமரேசனின் முகம் கடமையால் இறுகியது. "நைனா, அஞ்சே நிமிஷம்."

"இன்னாடா அஞ்சு நிமிஷம்? அண்டா கொதிக்குது."

"அங்க கப்பலே முழுவுது நைனா. அடிபட்டவங்களுக்குக் கஷாயம் இல்ல."

"யாருக்குடா அடிபட்டுச்சு? ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போவச் சொல்லு."

"எப்பிடிப் போவாங்க? அவங்க நடுக்கடல்ல இருக்காங்க."

"ஆரணியில ஏதுடா நடுக்கடலு?"

"உனக்குச் சொன்னாப் புரியாது. நம்மள நம்பி அவ்ளோ பேரு இருக்காங்க. பாதியில உட்டா எல்லாம் கெட்டுடும்" என்று சொல்லி, பாதியில் விட்டுவிட்டுப் போனார் குமரேசன்.

வேணுகோபால் கழிகளை ஒற்றை ஆளாகப் புரட்டப் பார்த்தார். இந்த முனையைத் தூக்கினால் அந்த முனை வழுக்கியது. ஓடி அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கத்து நூல் அப்படியே நின்றது. சாயம் யாருக்காகவும் கொதிப்பதை நிறுத்தாது. அவர் வாய்விட்டுக் கூப்பிடவில்லை. ஆனால் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த சுகன்யாவுக்கு விளங்கிவிட்டது. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து மறுபக்கக் கழிகளைப் பிடித்தாள்.

"நீ தொடாதம்மா. உன் புடவை இது. கல்யாணப் பொண்ணு தொடக் கூடாது" என்று பதறினார் வேணுகோபால்.

"திட்டு உழுந்தா மட்டும் கட்டிக்கலாமா? பேசாம புரட்டுங்க நைனா."

இருவரும் புரட்டினார்கள். ரப்பர் கையுறை போட்டால் நூலின் பதம் தெரியாது என்பது வேணுகோபாலின் கட்சி. ஆகவே அலசும்போதும் பிழியும்போதும் வெறும் கைதான். புஷ்பலதா ஓடிப்போய்க் கொல்லைக் கதவைத் தாழ் போட்டுவிட்டு, தாழ்ப்பாளைப் பிடித்தபடியே நின்றார். "சேவூர்க்காரங்க காதுல உழுந்தா கல்யாணம் நின்னுடும்டி" என்று அழாத குறையாகச் சொன்னார். நூல் கொடியில் ஏறியபோது ஒரு திட்டு இல்லை. சுகன்யாவின் கைகள் மணிக்கட்டு தாண்டிச் சிவந்திருந்தன.

சாயங்காலம் கப்பலைக் காப்பாற்றிவிட்டுத் திரும்பிய குமரேசன், கொடியில் காயும் நூலைப் பார்த்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"சூப்பரா ஏறியிருக்கே! நான் கழியப் புடிச்ச நேரம்" என்றார்.

சுகன்யா தேங்காயெண்ணெய் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அது போகிற நிறமா?

கிளிப்பச்சைக்கு நாள் குறித்தபோது குமரேசன் முன்கூட்டியே வாக்குக் கொடுத்தார். ஆனால் அன்றுதான் ஏழு கடலுக்கும் பொதுவான கஷாயப் பெருவிழா வந்து தொலைத்தது. உலகின் தலைசிறந்த காய்ச்சுநர்கள் கலந்துகொள்ளும்போது நான்காம் இடத்துக்காரர் போகாமல் இருந்தால் ஆரணியின் மானம் என்னாவது? போனார். நான்காம் இடத்தைத் தக்கவைத்தார். பச்சையையும் சுகன்யாதான் புரட்டினாள். நகக்கண்ணில் சிவப்புக்கு மேல் பச்சை ஏறியது. பிறகு பட்டறைக்கு வந்த ஊரார் நூலுக்கும் அவள்தான் மறுபக்கம் நின்றாள், பந்தக்கால் நடும் வரைக்கும். வேறு ஆள் யார் இருக்கிறார்கள்?

நூல் சேவூருக்குப் போனது. அபிதகுசாம்பாள் தறியேற்றினார். கொஞ்ச நாளில் குமரேசனின் செல்போனுக்கு அவரே பேசினார்.

"தம்பி, இத்தினி வருஷமா நெய்யறேன், இப்பிடி ஒரு நூல நான் பாத்ததில்ல. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே நெறம். கண்ணுல ஒத்திக்கலாம். அந்தக் கைக்கு வெள்ளியில காப்பு செய்யச் சொல்லிட்டேன். மணவறையில வச்சு நானே போட்டு உடுவேன்."

இங்கே ஒரு சாதாரண மனிதன் உண்மையைச் சொல்லித் தொலைத்திருப்பான். குமரேசனுக்கும் ஒரு கணம் சொல்லிவிடலாமா என்று தோன்றியது என்னவோ நிஜம். எதிரே சுகன்யா நின்று, சொல்லாதே என்று கையை ஆட்டினாள். அவள் பயம் அவளுக்கு. ஆடிய கை சிவப்பாக இருந்ததை அவர் கவனித்தார். அடக்கத்துடன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அத்தை. எல்லாம் கைப் பழக்கம்தான்."

இதற்கிடையில் குமரேசனின் புகழ் 'ஆரணி வட்டாரப் பட்டு நவீனமயமாக்கல் முன்னேற்ற மன்ற'த்தை எட்டியது. மன்றத் தலைவர் தங்கவேலு பெரிய ஜவுளிக்கடைக்காரர். இ-மெயில் எடுத்துத் தரச் சொல்ல சிவகுமாரின் சென்டருக்கு வந்தவர், மூலைக் கேபினுக்கு மேல் 'உலக நான்காம் இடம்' என்று ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டார். உடனே அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. குமரேசன் நேரில் அழைக்கப்பட்டார். போண்டா வந்ததும் கூட்டம் தொடங்கியது.

"நீங்க இன்டர்நெட்ல இன்னா பண்றீங்கன்னு மன்றத்துக்குக் கொஞ்சம் விளக்கணும்" என்றார் தங்கவேலு.

"கலர் தண்ணிய சரியான அளவுல கலந்து காய்ச்சறோம் சார். உலகம் பூரா போட்டி."

"சாயம்னு சொல்லுங்க."

"கிட்டத்தட்ட அதேதான் சார்."

"அடுப்பு எரிக்கணுமா?"

"இல்ல சார்."

"தண்ணி செலவு?"

"சொட்டு இல்ல சார்."

"கழிவுத் தண்ணி?"

"அது எப்பிடி சார் வரும்?"

மன்றமே எழுந்து நின்று கைதட்டியது. கழிவுநீர் விஷயத்தில் அதிகாரிகளிடம் பல வருடமாக ஏச்சு வாங்கியவர்கள் அவர்கள். "அப்ப நூலு?" என்று ஓர் உறுப்பினர் இழுத்தார். அவர் பழைய சிந்தனைக்காரர் என்று சுட்டிக்காட்டப்பட்டு உட்கார வைக்கப்பட்டார். 'நூலும் நீரும் நெருப்பும் இன்றிச் சாயமிடும் நவீன முறையில் உலகப் புகழ் பெற்ற இளைஞர்' குமரேசனுக்குப் பொன்னாடையும் கேடயமும் வழங்குவதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தனியாக விழா எடுத்தால் செலவு என்பதால், அவர் தங்கையின் கல்யாண மேடையிலேயே வழங்கிவிடலாம் என்றும் தீர்மானம் ஆனது. கப்பல் முகப்பில் குமரேசன் நிற்பதுபோல மண்டப வாசலில் பிளக்ஸ் வைத்தார்கள். மணமக்கள் படம் அதில் கீழ் மூலையில் இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் புஷ்பலதா மகளின் கையில் மருதாணியை அப்பினார், முழங்கை வரைக்கும். ஒரு விரல்கூட விடவில்லை. மறுநாள் மணவறையில் சுகன்யாவின் கையைப் பார்த்த பெண்கள் அசந்துபோனார்கள். "இப்பிடி செவந்தா புருஷனுக்கு ரொம்ப ஆசையாம்" என்றார்கள். சென்னையில் இப்போது முழங்கை வரைக்கும்தான் ஃபேஷன் என்று ஒரு பெண் மற்றவர்களுக்கு விளக்கினாள். அரக்குச் சிவப்புப் புடவை விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தது. பார்த்த நெசவுக்காரர்கள் எல்லாரும் முந்தானையை ஒரு தரம் தொட்டுவிட்டுத்தான் நகர்ந்தார்கள்.

தாலி இன்னும் தட்டில் இருந்தது. தங்கவேலுவுக்குப் பெரணமல்லூரில் இன்னொரு முகூர்த்தம் இருந்ததால் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! இந்தப் புடவையப் பாருங்க. இதுல ஒரு திட்டு இருக்கா? ஒரு பிசிறு இருக்கா? உலகத்தின் நாலாவது கை தொட்ட புடவைங்க இது! பொறுமைன்னா குமரேசன். பொறுப்புன்னா குமரேசன். தொட்ட வேலைய பாதியில உட்டு எழுந்தார்னு சரித்திரமே இல்ல!"

கைதட்டல் மண்டபத்தை அதிர வைத்தது. தூண் ஓரமாக நின்ற வேணுகோபால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகன்யா அக்கினியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகைதான் கண்ணைக் கரித்தது என்று வைத்துக்கொள்வோம்.

"பொண்ணுக்குப் பொறந்தவர் வாங்கோ, பொரி போடணும்" என்று ஐயர் கூப்பிட்டார். அந்த இரு வீட்டிலும் தாலிக்கு முன்னால் பொரி. தங்கை இரு கைகளையும் குவித்து ஏந்த, அண்ணன் அதில் பொரியை அள்ளி வைக்க வேண்டும். குமரேசன் மேடையேறினார். பொரியை அள்ளினார். அவர் கைகள் அவள் கைகளுக்கு மேல் வந்து பொரியை வைத்தன. வெள்ளைப் பொரிக்கு மேலே வெளுத்த விரல்கள், கீழே அந்தச் சிவப்பு. இவ்வளவு பக்கத்தில் அவர் அதைப் பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது. நிஜமாகவே வெட்கமாக இருந்தது. கூட்டமும் கைதட்டலும் இல்லாமல் இருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

"கொஞ்சம் இரு தம்பி, அந்தக் கையக் குடு" என்று சிரித்தபடி அபிதகுசாம்பாள் எழுந்து வந்தார். கையில் வெள்ளிக் காப்பு. குமரேசனின் வலது கையைப் பிடித்தார். காப்பை மாட்டப் போனவர் நிறுத்தினார். உள்ளங்கையைத் திருப்பினார். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தார். நகங்களை வெளிச்சத்துக்குக் காட்டிப் பார்த்தார். நூலைப் பார்க்கிறவர்கள் எதையும் அவசரமாகப் பார்க்க மாட்டார்கள்.

"தம்பி, கிளிப்பச்சை எங்க?"

"எது அத்தை?"

"நகக்கண்ணுல பச்சை இருக்கணுமே. அரக்காவது இருக்கணுமே. ஒண்ணத்தையும் காணோமே."

உலகத் தரவரிசைக்காரர் சமயோசிதமாகப் பதில் சொன்னார். "கல்யாணம்னு சோப்பு போட்டு நல்லாக் கழுவிட்டேன் அத்தை."

மண்டபத்தில் பாதிப் பேர் நெசவுக்காரர்கள், மீதிப் பேர் சாயக்காரர்கள். நாதஸ்வரக்காரர்கூட வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டார். சோப்புக்குப் போகிற சாயம் என்று ஒரு பட்டறையைப் பற்றிச் சொன்னால், அந்தப் பட்டறையை அன்றோடு மூடிவிடலாம். அதுவும் மணமேடையில், அந்தச் சாயத்தைக் கட்டிக்கொண்டு பெண் உட்கார்ந்திருக்கும்போது சொல்லியாகிவிட்டது. இது ஒரு சாயக்காரர் வீட்டுப் பிள்ளை வாயிலிருந்து வரக்கூடிய வார்த்தையே இல்லை.

அபிதகுசாம்பாளின் சிரிப்பு போய்விட்டது. தூண் பக்கம் திரும்பினார். "இன்னா சம்பந்தி, உங்க சாயம் சோப்புக்குப் போவுமா?"

வேணுகோபால் மகனைப் பார்த்தார். தலைகுனிந்து ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளையின் பொய் பிழைக்கும், பட்டறை போகும். இல்லை என்றால் பிறந்தவன் கை படாத புடவை என்று ஊருக்கே தெரியும். தாலி தட்டிலேயே இருந்துவிடலாம். புஷ்பலதா வாயைப் பொத்திக்கொண்டார்.

"போவாதும்மா" என்றார் வேணுகோபால். "என் சாயம் சோப்புக்குப் போவாது."

அபிதகுசாம்பாள் குமரேசனின் கையை விட்டார். பொரி ஏந்தியபடியே இருந்த சுகன்யாவின் கையைப் பிடித்து ஒரு விரலைத் திருப்பினார். மருதாணி நகத்தின் மேலே செம்மஞ்சளாய் இருந்தது. நகத்தின் அடியில் அரக்கு. அதன் ஓரத்தில், மெல்லிய கோடாக, கிளிப்பச்சை.

"மருதாணி எந்த ஊர்ல பச்சையாப் புடிக்கும்?"

சுகன்யாவின் கண்ணிலிருந்து நீர் பொரியில் விழுந்தது. "திட்டு உழுந்துடும்னு பயமா இருந்துச்சு அத்தை" என்றாள்.

அந்த அம்மாள் தான் நெய்த முந்தானையை ஒரு தரம் நீவிப் பார்த்தார். பிறகு சுகன்யாவின் கையிலிருந்த பொரியைத் தானே அக்கினியில் சேர்த்துவிட்டு, அந்த மணிக்கட்டில் காப்பை ஏற்றினார். ஆண் கை அளவுக்குச் செய்தது, தொளதொளவென்று இருந்தது. முழங்கை வரைக்கும் தள்ளி நிறுத்தினார்.

"ஐயரே, நேரம் ஆவுது பாருங்க. ஜல்தியா தாலிய எடுத்துக் குடுங்க. பொண்ணுக்குப் பொறந்தவன் வரலன்னா பரவாயில்ல, எங்களுக்குப் பொண்ணு வந்திருக்குது."

மேளம் கொட்டியது. விக்னேஷ் தாலி கட்டினார். அட்சதை விழுந்தது. பொன்னாடையையும் கேடயத்தையும் ஏந்திக்கொண்டு தங்கவேலு மட்டும் மேடையின் ஓரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது, அழிக்க முடியாது.

"ஏங்கம்மா, அப்ப இத இன்னா பண்றது?" என்று அபிதகுசாம்பாளிடமே கேட்டுவிட்டார்.

அந்த அம்மாள் குமரேசனை மேலும் கீழும் பார்த்தார். குரலில் கோபமே இல்லை. மரியாதைகூட இருந்தது.

"அவருக்கே குடுங்க. நல்லா கைதட்டிக் குடுங்க. சாயக்காரனுக்குப் பொறந்து, அண்டா இருக்கிற வீட்ல சோறு துன்னு, கையில ஒரு பொட்டு ஒட்டாம இம்மாம் வயசு வளந்திருக்காரு. இதுக்கு உலகத்துல நாலாவது எடம் குடுத்தது ரொம்பக் கம்மிங்க."